நாரை எண்ணும் குடிசை

என் அப்பா தொகுஸோவுக்குக் கொள்கை ஒன்றே ஒன்றுதான். நாரை எண்ணுகிறவன் வாயைப் பிளக்கக்கூடாது. பெண்கள் பிளப்பார்கள். ஆகவே பெண்கள் எண்ணக்கூடாது.

விடுமுறைக்கு வந்த நான் சண்டைக்குப் போனேன். "சைபீரியாவிலேருந்து ஜப்பானுக்கு, நம்ம கியூஷு தீவு வரைக்கும் இத்தனை தூரம் பறந்து வருதே, அதைப் பார்த்து வாயைப் பிளக்காதவன் மனுஷனாப்பா?"

"பல்கலைக்கழகத்துல இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறாங்களா?"

இருபத்திரண்டு குளிர்காலமாக ஊருக்காக வயல்கரைக் குடிசைக்குள் அப்பா எண்ணுகிறார். அம்மா இட்சுயோ வெளியே, பனியில், தேநீர்க் குடுவையோடு நிற்கிறாள். இந்த வருடம் அம்மா வாய் திறந்தாள்.

"ஏங்க, நானும் எண்ணுறேன். கணக்குத் தப்பினவங்க இனிமே வெளியே நிக்கணும்."

"நீயா?" அப்பா சிரித்தார். "சரி!"

மறுநாள் விடியல். வழக்கமாகத் தாய், தகப்பன், குஞ்சு என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பும், எண்ணிவிடலாம். அன்று மூடுபனி சட்டென்று விலக, ஒரே மூச்சில் அத்தனையும் எழுந்தன. நிலமே சிறகு கட்டிக்கொண்டு மேலே போனது. வானம் இல்லை, நாரைதான். அந்தக் கூவல் என் விலா எலும்புக்குள் அதிர்ந்தது. குடிசை ஜன்னலில் அப்பா. திறந்த வாயில் ஒரு நாரை குடித்தனம் நடத்தலாம். எண்ணும் கருவியின் மேல் விரல் அசையவேயில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி," என்றார். உறைபனியில் தூசி!

"எத்தனைப்பா?"

"சாயங்காலம் ஊர்க்கூடத்துப் பலகையில பார்த்துக்கோ."

வீட்டில் அம்மாவின் நோட்டு விரிந்து கிடந்தது. 'மொத்தம் 3417.' அப்பா எட்டிப் பார்த்தார். அநியாயம் என்று கத்தப் போனேன். அம்மா கண்ணாலேயே அடக்கினாள்.

இருட்டியதும் அப்பா பலகையில் எழுதினார்: 3421. அங்கே கூடியிருந்த, அம்மாவோடு ஊறுகாய் போடும் பெண்கள் குபீரென்று சிரித்தார்கள்.

"என்ன சிரிப்பு?"

"3417 நாங்க நேத்து ஊறுகாய்க்காகப் பந்தல்ல காயப்போட்ட முள்ளங்கி," என்றாள் அம்மா. "மீதி நாலு எங்கேருந்துங்க பறந்து வந்துச்சு?"

"அப்போ... நீ எண்ணவேயில்லையா?"

"காலையில நானும் வாயைப் பிளந்துட்டுதான் நின்னேன். பொழுது சாயறப்போ அதுங்க வரிசை வரிசையாத் திரும்பிச்சே, அப்போ எண்ணினேன்." அப்பாவின் எண்ணை அழித்து 2968 என்று எழுதினாள்.

"நான் நோட்டைப் பார்ப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்திரண்டு வருஷமா ஜன்னல் வழியா உங்க பிளந்த வாயைத்தானே பார்த்துட்டிருக்கேன்!"

இன்று விடியலில் குடிசைக் கதவு லேசாகத் திறந்தது. வெளியே, பனியில், வானத்தைப் பார்த்தபடி அப்பா.

"வாயை மூடிட்டு டீயைக் குடுங்க," என்றாள் உள்ளேயிருந்து அம்மா.