மாமியாரிடம் ஒரு பாதி

“அவர் உள்ளே இருக்கிற வரைக்கும் நான் வரமாட்டேன் சார்,” என்றார் நல்வோகா அம்மாள் முதலாளியிடம், கணினி அறைக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்றபடி.

உள்ளே இருந்த ‘அவர்’ முக்கீபி. போன வெள்ளிக்கிழமை வரை அந்த அம்மாளோடு ஒரே தட்டில் வேர்க்கடலை கொறித்தவன். சனிக்கிழமை அவருடைய மகள் நஸ்ஸூனாவை நிச்சயம் செய்துகொண்டான். அன்றோடு போயிற்று வேர்க்கடலை. உகாண்டாவின் புகாண்டாச் சீமையில் மருமகனும் மாமியாரும் முகம் பார்த்துக்கொள்ளக் கூடாது, ஒரே அறையில் இருக்கக் கூடாது, விரல் படவே கூடாது.

பதினோரு மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைக் காப்பது அவர்கள் கம்பெனி. யாருக்கு என்ன வியாதி என்பது வெளியே கசியாமல் இருக்க, முக்கீபி எல்லாவற்றையும் சங்கேதமாக்கிப் பூட்டியிருந்தான். சாவி நாற்பது எழுத்து. ஒரே ஆளிடம் இருந்தால் ஆபத்தாம். அதனால் ஒரு பாதி அவனுடைய மண்டையில், மறு பாதி கம்பெனியிலேயே வாய் இறுகிய நல்வோகா அம்மாள் மண்டையில். தாளில் எழுதக் கூடாது. முதல் பாதியை அடித்த இருபது நொடிக்குள் அடுத்ததை அடிக்க வேண்டும். ஐந்து முறை தவறினால் குறிப்புகள் ஒரேயடியாக அழிந்துவிடும். இத்தனை புத்திசாலித்தனமும் முக்கீபியுடையது. சாவியின் மறுபாதி வைத்திருப்பவரின் மகளாகப் பார்த்துக் காதலித்ததும் அதே மூளைதான்.

காலையில் கம்பாலாவில் மின்சாரம் போய் வந்தது. பூட்டு விழுந்துவிட்டது. அதே நேரம் பார்த்து, அரசாங்க ஆய்வாளர் அகெல்லோ அம்மையார் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மதியத்துக்குள் திறந்து காட்டாவிட்டால் உரிமம் ரத்து. முக்கீபியின் வேலையும் அதோடு சேர்த்தி.

முதலாளி பியாமுகிஷா புகாண்டாக்காரர் இல்லை, நாட்டின் மேற்குச் சீமைக்காரர். இதில் என்ன கஷ்டம் என்று அவருக்குப் புரியவில்லை. முக்கீபி தன் பாதியை அடித்துவிட்டு வெளியே போகட்டும், அம்மாள் உள்ளே வரட்டும் என்றார். நடைபாதை குறுகல். இருவரும் ஆளுக்கொரு சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து தாண்டுவதற்குள் இருபது நொடி போய்விட்டது.

அடுத்த முறை முக்கீபியை மேசைக்கடியில் ஒளித்தார். அவன் ஷூவைப் பார்த்த அம்மாள் படியிறங்கி ஓடியதில் இரண்டாவதும் போச்சு.

மூன்றாவதற்கு, குளிர்பெட்டி வந்த அட்டைப்பெட்டியை அவன் தலைவழியே கவிழ்த்து, கைக்கு மட்டும் ஓட்டை போட்டார்கள். அவன் அடித்தான். அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு வந்து விசைப்பலகையில் விரல் வைத்தார், எடுத்துவிட்டார்.

“அவர் கைச்சூடு இன்னும் இருக்கு சார்.”

சரி, ஆளுக்கொரு விசைப்பலகை. நீண்ட கம்பி இழுத்து, அம்மாளை நடைபாதையிலேயே உட்கார வைத்தார் முதலாளி. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் உற்சாகமாகக் கத்த, இருவரும் ஒரே நேரத்தில் அடித்துத் தள்ளினார்கள். இரண்டு பாதியும் ஒன்றோடொன்று கலந்து, நான்காவதும் கோவிந்தா.

முதலாளி பெட்டியின் ஓட்டை வழியே குனிந்து கெஞ்சினார். “தம்பி, ஒரு நிமிஷம் மருமகனா இல்லாம இருக்க முடியாதா?”

“கல்யாணம் நின்னுடும் சார்,” என்றது அட்டைப்பெட்டி. “எனக்கு இந்த வேலையும் வேணும், அவளும் வேணும்.” குரல் நிஜமாகவே உடைந்திருந்தது. கடைசி வாய்ப்பைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஆய்வாளர் அகெல்லோ மட்டும் மகிழ்ச்சியாக எழுதிக்கொண்டிருந்தார். சாவி வைத்திருக்கும் இருவரும் கூட்டுச் சேர்ந்து திருட வழியே இல்லாத ஏற்பாட்டை இந்த நாட்டிலேயே இங்குதான் பார்க்கிறாராம். திறந்து மட்டும் காட்டினால் முதல் தரச் சான்றிதழே தருவதாகச் சொன்னார்.

அப்போது, அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டதாகக் கேள்விப்பட்டு, நஸ்ஸூனா மாத்திரையோடு வந்து சேர்ந்தாள். நடைபாதையில் அம்மா, பெட்டிக்குள் மாப்பிள்ளை. விஷயத்தைக் கேட்டாள். யாரும் தடுப்பதற்குள் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சுவிடாமல் நாற்பது எழுத்தையும் அடித்தாள். குறிப்புகள் திறந்துகொண்டன.

ஆய்வாளரின் பேனா நின்றுவிட்டது. பெட்டி அசையவில்லை.

நஸ்ஸூனா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். “இதுக்கா இவ்வளவு கூத்து? காலையில அம்மாவுக்கு, சாயங்காலம் இவருக்குன்னு ஆறு மாசமா ரெண்டு பேரையும் மனப்பாடம் பண்ண வைக்கிறதே நான்தானே.”