சைகோன்காரர் கழனியில் என் இடது கால்

என் உடம்பில் பொய் சொல்லும் உறுப்புகள் இரண்டு. ஒன்று நாக்கு, இன்னொன்று இடது கால். நாக்கு ஊருக்குச் சொல்லும். கால் என்னிடமே சொல்லும். "தூக்கிட்டேன்" என்னும், தூக்கியிருக்காது. "தாண்டிட்டேன்" என்னும், வாசற்படியில் இடித்துக்கொண்டு நிற்கும். இரண்டும் சேர்ந்துகொண்டு ஒரே நாளில் என்னைச் சேற்றில் உட்கார வைத்த கதை இது.

அப்போது நம் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. யுத்தம் முடிந்து இரண்டொரு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு முப்பது வயது நிறையவில்லை. செலியமேட்டில் நடவு நடும் பதினெட்டுப் பெண்களுக்கு நான்தான் முதல் ஆள். முதல் ஆள் என்றால் லேசுப்பட்ட வேலை இல்லை. வலது கைப்பக்க வரப்பை ஒட்டி அவள் முதலில் குனிவாள். அவளுக்கு இடப்பக்கம் மற்றவர்கள் வரிசையாகக் குனிவார்கள். நட்டுக்கொண்டே எல்லோரும் பின்னால் போக வேண்டும். முதல் ஆள் போகும் வழிதான் வரிசை போகும் வழி. பாட்டு எடுப்பவளும் அவள்தான். அவள் நிமிரும்வரை மற்றவர்கள் நிமிரக் கூடாது. (இந்தக் கடைசிச் சட்டம் வேறு எந்தக் கூட்டத்திலும் கிடையாது. நான் போட்டது. நிமிர்ந்தவளுக்கு அன்றைக்கு என் சுருக்குப்பையிலிருந்து வெற்றிலை இல்லை.)

அப்படி இருந்தவளுக்குத்தான் இடுப்பு போனது. நாற்று முடிகளைச் சுமந்துகொண்டு வரப்பில் வழுக்கினேன், அவ்வளவுதான். இடுப்பில் பிடித்த வலி பின்தொடை வழியாகக் குதிகால்வரை நெருப்புக் கம்பி போல இறங்கியது. எண்ணெய் போட்டு நீவினார்கள், பற்றுப் போட்டார்கள், வேப்பிலை அடித்தார்கள். நான்கு மாதம் கழித்து என் வீட்டுக்காரர் வண்டியில் வைக்கோல் பரப்பி என்னைக் குப்புறப் படுக்கவைத்து, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டர். அவர் சொன்னதை ஒரு குமாஸ்தா தமிழில் சொன்னார். முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே மெத்தை மாதிரி வில்லைகள் இருக்கிறதாம். அதில் ஒன்று பிதுங்கிக் காலுக்குப் போகிற நரம்பை நெரிக்கிறதாம். அறுத்து எடுக்க வேண்டுமாம். எடுத்தார்கள். கண் விழித்தபோது வலி இல்லை. அந்த டாக்டரின் கை நன்றாக இருக்கட்டும்.

வலி போனது சரி, காலில் பாதி உயிரையும் அது கூடவே கொண்டுபோய்விட்டது. இடது பாதம் மேலே எழவில்லை, கழற்றிவைத்த செருப்பு மாதிரிக் கிடந்தது. பெருவிரல் பக்கம் மரத்தே போயிருந்தது. டாக்டர் என் கண்ணை மூடச் சொல்லி ஊசியால் குத்திப் பார்த்தார். நான் ஒற்றைக் கண்ணால் பக்கத்தில் நின்ற கன்னியாஸ்திரி அம்மாவின் முகத்தைப் பார்த்து, குத்துகிற நேரத்தைக் கணித்து, "ஆ" என்றேன். ஒரு தடவை அவர் குத்துவதற்கு முன்னாலேயே "ஆ" என்றுவிட்டேன். டாக்டர் சிரித்தார். குமாஸ்தாவிடம் ஏதோ சொன்னார்.

"இன்னாம்மா, டாக்டர்கிட்டயே வேல காட்டறியா? ஆறு மாசத்துக்குக் குனியக் கூடாது. காலு மெதுவாத்தான் வரும். முழுசா வராமலும் போவலாம்" என்றார் குமாஸ்தா.

"ஆறு மாசம்" என்பது மட்டும்தான் என் காதில் ஏறியது.

வீட்டில் மாட்டுக்கொட்டகைக் கதவைக் கழற்றி அதன்மேல் என்னைப் படுக்க வைத்தார் என் வீட்டுக்காரர். தையல் போட்ட தழும்பைப் பார்க்கச் சோரியாங்குப்பத்திலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். நானும் சலிக்காமல் திரும்பிப் படுத்துக் காட்டினேன். அரசாங்க முத்திரை மாதிரி முதுகில் இருக்கிறதே, பெருமை இல்லாமல் போகுமா? காலை மட்டும் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் சொன்ன ஆறு மாதம் முடிந்தது, புரட்டாசி வந்தது. சம்பா நடவு. நான் படுத்திருந்த காலத்தில் பூங்காவனம் முதல் ஆளாக இருந்தாள். எனக்கு இரண்டு வயது இளையவள். கெட்டிக்காரிதான், ஆனால் பாட்டு எடுத்தால் நாற்றே வாடிவிடும். (அவள் உயிரோடு இருந்தபோதும் இதை அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.)

அந்த வருஷம் ஊரிலேயே பெரிய நடவு சைகோன்காரருடையது. பல வருஷம் கடல் கடந்து, பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனில் சர்க்கார் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்து நிலம் வாங்கியவர். வெய்யிலோ மழையோ குடை, தலையில் தொப்பி. வரப்பைக்கூடக் கயிறு பிடித்துத்தான் போடச் சொல்வார். எங்கள் கூட்டத்தைக் கூப்பிடலாமா என்று யோசித்தவர் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஆபரேசன் ஆன ஒடம்பாச்சே அஞ்சல, முடியுமா? இல்ல நெட்டப்பாக்கத்து ஆளுங்கள வரச் சொல்லட்டுமா?"

"முடியுமாவா? இப்பத்தாங்க ஒழுங்கா இருக்கேன். முன்னாடி இருந்ததுதான் ரிப்பேரு."

"அப்ப ஒண்ணு செய்யி. ஏரிக்கரை ஓரத்துக் கழனிய மொதல்ல நடு. வந்து பாக்கறேன். நல்லா இருந்தா மொத்த நெலமும் ஒங்களுக்கு. இல்லன்னா மறுநாளே நெட்டப்பாக்கம்."

அவர் போனதும் என் வீட்டுக்காரர் கேட்டார். "ஏண்டி, ஒன் காலுதான் ஒன் பேச்சக் கேக்க மாட்டேங்குதே. பதினெட்டு வூட்டு அடுப்புடி இது. பூங்காவனத்தையே முன்ன நிக்கச் சொல்லேன்."

"மாமா, கால நான் பாத்துக்கறேன். நீ மாட்டப் பாரு."

பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். பழைய புடவையைக் கிழித்து நாடாவாக முறுக்கினேன். ஒரு முனையை இடது பெருவிரலில் கட்டி, மறுமுனையை முழங்காலுக்குக் கீழே இறுக்கினேன். பாதம் தானாக நிமிர்ந்து நின்றது! கொட்டகைக்குள் நடந்து பார்த்தேன். ராணி மாதிரி வந்தது. ஆனால் நடவுக்குப் புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருக வேண்டுமே, நாடா தெரியுமே? அதற்கும் வழி வைத்திருந்தேன். நாடாவை மஞ்சளில் தோய்த்துக் காயவைத்தேன்.

மறுநாள் கழனியில் பூங்காவனம் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா காலுல?"

"மாரியாத்தாவுக்குக் காப்புடி. ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சதுக்கு வேண்டுதல். அறுவட வரைக்கும் அவுக்கக் கூடாது."

காப்பு என்று சொன்னால் நம் பக்கத்தில் யார் மேலே கேட்பார்கள்? கேட்காததோடு விட்டார்களா? மூட்டு வலிக்காரிகள் இரண்டு பேர் சாப்பாட்டு மூட்டை கட்டிவந்த துணியைக் கிழித்து, என்னைப் பார்த்து அதே மாதிரி விரலிலும் முழங்காலிலும் கட்டிக்கொண்டு, கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார்கள். மாரியாத்தா என்னை அன்றே முறைத்திருப்பாள்.

குனிந்தேன். பாட்டெடுத்தேன். படுத்துக் கிடந்த அத்தனை மாதக் குரலும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. ஏரிக்கரையில் போனவர்கள் நின்று கேட்டார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். கை இரண்டும் பழைய வேகத்தில் ஓடின. எனக்கு எதிரே நாற்று பச்சைப்பசேல் என்று நின்றது. இனி நெட்டப்பாக்கமாவது ஒன்றாவது என்று பாட்டோடு பாட்டாக நினைத்துக்கொண்டேன்.

சேற்றில் ஊறிய நாடா எப்போது தளர்ந்தது என்று எனக்குத் தெரியாது. கால் என்னிடம் சொன்னால்தானே? வலது கால் பின்னால் ஒரு முழம் வைத்தது, இடது கால் சேற்றில் இழுபட்டு ஒரு சாண் வந்தது. ஒரு பக்கம் முழம், மறுபக்கம் சாண் என்று பின்னால் போனால் உடம்பு நேராகவா போகும்? கொஞ்சம் கொஞ்சமாக வரப்பை விட்டு இடப்பக்கம் விலகிக்கொண்டே போனேன். எனக்கு அடுத்தவள் என்னை விட்டு இடப்பக்கம் நகர்ந்தாள். அவளுக்கு அடுத்தவள் இன்னும் நகர்ந்தாள். எல்லோர் கண்ணும் சேற்றில். நிமிர்ந்தால் வெற்றிலை கிடையாதே!

வரிசையின் கடைசியில், இடது ஓரத்தில் பூங்காவனம். அவள்தான் முதலில் வரப்பில் ஏறினாள். ஏறியும் நிமிரவில்லை, என் சட்டத்துக்கு அவ்வளவு மரியாதை. குனிந்தபடியே வரப்பைத் தாண்டி அந்தப் பக்கத்து வாய்க்காலில் இறங்கினாள். அவள் பின்னாலேயே இன்னொருத்தி வரப்புமேல் நாற்றோடு நின்றாள். இடுப்பளவு தண்ணீர் வந்த பிறகுதான் பூங்காவனம் வாயைத் திறந்தாள்.

"யக்கா! நான் எங்க நடட்டும், மீன் முதுகுலயா?"

பாட்டு நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். நாங்கள் நட்ட நடவு அரிவாள் மாதிரி வளைந்து கிடந்தது. எனக்கும் வலது வரப்புக்கும் நடுவே ஒரு நாற்றுக்கூட இல்லாமல், பிறை வடிவத்தில் வெறும் தண்ணீர் வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்த வரப்பின்மேல் குடையோடு சைகோன்காரர்.

"இன்னா அஞ்சல, படகு வுடவா வழி?" என்றார்.

நாக்கு எனக்கு முன்னால் முந்திக்கொண்டது. "காத்தாடட்டும்னு வுட்டிருக்கேங்க. நாத்துக்கு நல்லது."

"நானும் சைகோன்ல கண்ணுக்கெட்டின தூரம் நடவு பாத்திருக்கேன். இப்படிக் காத்தாடி ஒண்ணும் பாக்கலியே?"

கம்பீரமாக அவரிடம் நடந்து போய் விளக்கலாம் என்று திரும்பினேன். உடம்பு திரும்பியது, இடது கால் திரும்பவில்லை. அப்படியே சேற்றில் உட்கார்ந்தேன், பிள்ளை பெற்றவள் மணையில் உட்காருகிற மாதிரி நிதானமாக. காலோடு வந்த மஞ்சள் நாடா அவிழ்ந்து தண்ணீரில் மிதந்தது.

"ஐயையோ, காப்பு அவுந்துபோச்சு!" என்று காப்புக் கட்டிய மூட்டு வலிக்காரிகளில் ஒருத்தி அலறினாள்.

பதினெட்டுப் பேர் முகத்தையும் பார்த்தேன். மறுநாள் நெட்டப்பாக்கத்து ஆட்கள் இறங்கினால் இவர்கள் எங்கே போவார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு உண்மையைச் சொன்னேன்.

"காப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. கந்தத் துணி. எடது காலு எனக்கு இன்னும் வரலிங்க. மறச்சு வச்சது நானு. இவளுங்க மேல தப்பு இல்ல. பூங்காவனம் முன்ன நிக்கட்டும், வேலைய அவங்களுக்கே குடுங்க."

வாய்க்காலிலிருந்து ஏறிய பூங்காவனம் புடவையைப் பிழிந்துகொண்டே வந்தாள். பிறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இடது வரப்பைப் பார்த்தாள்.

"நீ எடது பக்கமாத்தானே சாயற?"

"அதுக்கு இன்னா இப்ப?"

"அப்ப எடது வரப்ப ஒட்டி நில்லு. சாஞ்சா வரப்பு இடிக்கும். இடிச்சா நேரா போவ. நாங்க ஒன் வலது கைப்பக்கம் நிக்கறோம். மத்தவங்க அந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சா நாம இந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிப்போம், யாரு கேக்கறது?"

"நீயே முன்ன நிக்கலாமேடி."

"நின்னா பாட்டு யாரு எடுக்கறது? நான் எடுத்தா நாத்து வாடும்னு ஊரெல்லாம் சொல்லிவச்சது நீதானே!"

முதலில் சிரித்தவர் சைகோன்காரர்தான். பிறையை அடைத்தோம். நெருக்கி நட்டதைப் பிடுங்கிப் பரப்பினோம். மிச்சக் கழனியை இடது வரப்பிலிருந்து தொடங்கினோம். நான் சாயும்போதெல்லாம் வரப்பு மாமியார் மாதிரி முழங்காலில் ஒரு இடி இடித்தது, நேரானேன். பொழுது சாய்வதற்குள் நட்டு முடித்தபோது, சைகோன்காரர் குடையை நீட்டிக் கண்ணால் நூல் பிடித்துப் பார்த்தார்.

"நாளைக்கும் வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருஷம் மட்டுமில்லை, அதற்குப் பிறகு நான் நட்ட இருபத்திரண்டு வருஷமும் எங்கள் கூட்டம் இடப்பக்கத்திலிருந்துதான் தொடங்கியது. மற்ற ஊர்க்காரிகள் கேலி செய்தார்கள். செய்யட்டும். நடவு யாருடையது நேர் என்று வரப்பில் நின்று பார்க்கச் சொன்னேன்.

கால் இன்னும் முழுசாக வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை. தெருவில் போகும்போது இடப்பக்கம் சாய்வேன். அதனால் எங்கள் வீட்டில் என்னோடு நடக்கிறவர்கள் யாராக இருந்தாலும் என் இடப்பக்கம்தான் நடக்க வேண்டும். அவர்களுக்குப் பெயர் "வரப்பு". "ஆயா கோயிலுக்குக் கிளம்புது, இன்னிக்கு யாரு வரப்பு?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். போன தை மாதம் என் பேரனைக் கட்டிக்கொண்டு வந்த பெண், விவரம் தெரியாமல் மரியாதையாக என் வலப்பக்கம் வந்து நின்றாள். மொத்த வீடும் ஒரே குரலில் "அந்தப் பக்கம்!" என்று கத்தியது. பயந்துபோன பிள்ளைக்குத் தெருமுனைவரை இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே போனேன். சிரித்துச் சிரித்து அவள்தான் என்மேல் சாய்ந்தாள். நான் நேராகத்தான் நடந்தேன்.