ஐந்தாவது கால்

ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த அந்த வீடியோவை இளமதி மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தாள். முந்திரி மரத்தடியில் ஒரு சிறுத்தை உறுமிக்கொண்டிருந்தது. அது அவள் செய்த சிறுத்தை.

பொய் வீடியோவைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கல்லூரியில் பேச வேண்டியிருந்தது. அதற்காகத் தங்கள் முந்திரிக்காட்டுப் படத்தை ஏஐயிடம் கொடுத்து இந்த வீடியோவை உருவாக்கினாள். அது தாராள மனசோடு ஐந்து கால் வைத்துக் கொடுத்தது. பார்க்கிறவர்கள் எண்ணிக் கண்டுபிடிக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். இன்னும் யாருக்கும் அனுப்பவே இல்லை. சித்தியோடு பேச அம்மா வாங்குவதைத் தவிர, அவள் போனை யாரும் தொடுவதும் இல்லை.

“நான்தான் செஞ்சேன்னு போலீஸ் கண்டுபிடிச்சிரும்மா. காலேஜ விட்டே அனுப்பிருவாங்க.”

அம்மா கண்ணாத்தாள் கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள். “நம்ம காட்டுல முந்திரிக்கொட்டைய களவாண்டுட்டுப் போறவனையே யாரும் கண்டுபிடிக்கல. ஒன்னய வந்து பிடிக்கப் போறாகளாக்கும்.”

இளமதி குரூப்பில் எழுதினாள்: ‘இது பொய். கால்களை எண்ணிப் பாருங்கள். ஐந்து இருக்கிறது.’

ஊர் எண்ணிப் பார்த்தது. பக்கத்து வீட்டு வீரய்யா குரல் பதிவு போட்டார். “புள்ள சொல்றது சரிதான். காலு அஞ்சு. அப்படின்னா பின்னால குட்டி ஒண்ணு மறைஞ்சு நிக்கிது.”

குட்டியோடு இருக்கும் சிறுத்தை என்றதும் ஊர் அரண்டுபோனது. பொழுது சாயுமுன் ஆடுகளை அடைத்தார்கள். பிள்ளைகளை டியூசனுக்கு அனுப்பவில்லை. காட்டுக்குள் யாரும் கால் வைக்கவில்லை. கண்ணாத்தாள் மட்டும் சாக்கை எடுத்துக்கொண்டு தினமும் காட்டுக்குப் போய்வந்தாள்.

காலிக் காட்டைப் படம்பிடித்துப் போட்டால் நம்புவார்கள் என்று இளமதியும் ஒருநாள் போனாள். “பாருங்க, இங்கிட்டு ஒண்ணுமே இல்ல” என்று போனைச் சுற்றிக் காட்டும்போது பின்னால் சருகு சரசரத்தது. சிறுத்தை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கால்களுக்குத் தெரியவில்லை. செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்து, வேலியோரம் நின்ற வீரய்யா மேல் மோதினாள். பின்னாலேயே வந்தது ஒரு கறுப்பு நாய். அதைப் பார்க்க வீரய்யா அங்கே இல்லை. அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

சாயங்காலமே குரூப்பில் வந்துவிட்டது: ‘கல்லூரி மாணவியைத் துரத்திய சிறுத்தை. நேரில் கண்டவர் வீரய்யா.’

மறுநாள் வாசலில் வனத்துறை ஜீப் நின்றது. வனக்காப்பாளர் ஆனந்தராஜ் இறங்கினார்.

“ஏம்மா, சிறுத்தை தொரத்துனது ஒன்னயத்தானா? எம்புட்டு உயரம் இருந்துச்சு? யோசிச்சுச் சொல்லு. பொய்யா இருந்தா கேசாயிரும்.”

இளமதி எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதுதான் என்று துணிந்தாள். “சார், அது வந்து…”

“இருங்க சார், புள்ள மோர் கொண்டாரட்டும்” என்று கண்ணாத்தாள் அவள் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

“உண்மையச் சொல்லிர்றேம்மா. எனக்குப் பயமா இருக்கு.”

கண்ணாத்தாள் மோரைச் சொம்பில் ஊற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

“சொல்லு, வேணாங்கல. இன்னும் நாலு மரத்துல கொட்டை கெடக்கு, அதப் பொறுக்கி முடிச்சதும் சொல்லு. அதுக்காகத்தான ஒன் சித்திக்கு அந்தச் சிறுத்தைய அனுப்பிவிட்டேன்.”