உயிரோடிருக்கும் செந்தாமரைக்கு நான் மாலை வாங்கிப்போன காரணம்

நெய்வேலி,
21-ஆம் வட்டம்.

பெருமதிப்பிற்குரிய மச்சான் பன்னீர்செல்வம் அவர்களுக்கு, தங்கை கணவர் சிங்காரவேலு பணிவன்புடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் காந்திமதியும் சுகம். காடாம்புலியூரில் தாங்களும் அனைவரும் சுகமாக இருப்பீர்கள், என்மேல் உள்ள கோபத்தைத் தவிர உடம்புக்கு வேறு தொந்தரவு இராது என்று நம்புகிறேன். பதினோரு முறை போன் செய்தும் தாங்கள் எடுக்காததால் இக்கடிதம்.

சென்ற வாரம் முத்தாண்டிக்குப்பத்தில் நடந்ததை வைத்து நான் முழுப்பைத்தியம் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. அன்று காலை சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்து பால் வாங்கப் போனேன். பால் பூத்தில் பக்கத்து குவார்ட்டர்ஸ் கலியம்மாள் கண்ணைத் துடைத்துக்கினு, "அண்ணே, செந்தாமரை போயிட்டாளே! மனசே ஆறல. காந்திமதிக்கா எப்பிடி இருக்காங்க?" என்றார். எனக்குத் தெரிந்த செந்தாமரை உலகத்திலேயே ஒருத்திதான், உங்கள் சித்தி மகள். ஓடிவந்து காந்திமதியிடம் கேட்டேன்.

"செந்தாமரை போயிட்டாளாமே?"

"ஆமாங்க. நேத்து சாயங்காலம்."

"எப்பிடி?"

"நெருப்புலங்க" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மச்சான், இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன விசாரிப்பான்? தங்களுக்குப் போன் செய்தேன், மாலை வாங்கினேன், பஸ் பிடித்தேன். அங்கே போனால் செந்தாமரை வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருக்கிறாள். "வாங்க மாமா, யாருக்கு மாலை?" என்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் தாங்கள் வேனில் அழைத்து வந்த பெண்கள் தெருமுனையிலேயே மாரடித்துக்கொண்டு இறங்க, அவளும் "ஐயோ, யாருன்னு தெரிலயே!" என்று ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்து அழுததும், அவள் கணவர் தனகோட்டி வயலிலிருந்து வந்து யாரை எடுக்க வேண்டும் என்று கேட்டதும் தாங்கள் பார்த்ததுதான். ராங் நம்பரில் வந்த சேதி என்று அன்று நான் சொன்னது பொய். உண்மை கீழே.

செத்துப்போன செந்தாமரை வேறு. அவளுக்கு வேலை விண்வெளியில். ஓடிப்போன குற்றவாளிகளைக் கிரகம் கிரகமாகத் துரத்திப் பிடித்துக் கொடுத்து, அவர்கள் தலைக்கு அறிவித்த சன்மானத்தில் பிழைத்தவள். அவளைப் பெற்றவள் உங்கள் தங்கை காந்திமதி. நோட்டுப் புத்தகத்தில் பெற்றாள். முப்பத்திரண்டு நோட்டு, மச்சான்! அரிசி டிரம்முக்குப் பின்னால், இருபத்தாறு வருஷமாக. கலியம்மாள் போனில் படம் பிடித்து அனுப்பி அனுப்பி, டவுன்ஷிப்பில் பாதிப் பெண்கள் படித்திருக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் அவர்கள் குசுகுசுவென்று பேசியதெல்லாம் இதைத்தான். தெரியாதவன் நான் ஒருவன்.

நான்கு நாள் லீவு போட்டு முழுதும் படித்தேன். கருநிலா என்றொரு நிலவு. அங்கே சுரங்கம், லைன் லைனாக குவார்ட்டர்ஸ், மூன்று ஷிப்ட். காண்ட்ராக்ட் ஆட்கள் மூச்சுவிட வைத்திருந்த காற்றை ஒரு சூப்பர்வைசர் விற்றுவிட்டு ஓடுகிறான். அதில் தகப்பனை இழந்த பத்தொன்பது வயதுச் செந்தாமரை பழைய சரக்குக் கப்பலை எடுத்துக்கொண்டு ஏழு கிரகம் தேடி அவனைப் பிடிக்கிறாள். பிறகு அதுவே தொழில். பிடித்தவர்கள் நூற்றுப்பன்னிரண்டு பேர். ஒப்படைக்கும் முன் சோறு போட்டு, "ஏன் செஞ்ச?" என்று ஒரு கேள்வி கேட்பாள். பதிலைக் கேட்டு மூன்று பேரை விட்டுவிட்டாள். பிள்ளைக்காக மருந்து திருடிய ஒருத்தியை அவள் விடும் இடத்தில் நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். கடைசி நோட்டில் கருநிலாச் சுரங்கம் தீப்பிடிக்கிறது. உள்ளே மாட்டியவர்களில் தண்டனை முடிந்து வந்த அந்தச் சூப்பர்வைசரும் உண்டு. எல்லோரும் வெளியேறும்வரை இவள் கதவைத் தாங்கிப் பிடிக்கிறாள். இவள் வரவில்லை. அவள் விட்டுவிட்ட மூன்று பேரும் வந்து, "அவ ஷிப்ட் முடிஞ்சுது, இனிமே எங்க ஷிப்ட்" என்று கப்பலைக் கிளப்புகிறார்கள்.

எனக்குத் தாங்க முடியாத ஆச்சரியம். திருப்பதியைத் தாண்டாதவளுக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது? கேட்டேன்.

"கல்யாணமான புதுசுல மைன்ஸ் காட்டக் கூட்டிக்கினு போனீங்களே. வூடு ஒசரத்துக்குச் சக்கரம் வெச்ச அந்த மெஷினைப் பாத்ததும், இது பூமிதானான்னு தோணுச்சு. அப்பறம் நீங்க ஷிப்டுக்குப் போயிடுவீங்க. பேச்சுத் தொணைக்கு யாரு இருந்தா?"

"செந்தாமரைன்னு ஏன் பேரு?"

"பயப்படாதவ பேரு வேணும்ல. பதிமூணு வயசுல ஆடு திருடனவன சைக்கிள்ல தொரத்திப் புடிச்சவளாச்சே எங்க செந்தாமரை."

இது நிஜமா மச்சான்? தெரிந்தால் எழுதவும். சிறு வயதில் காந்திமதி வானத்தைப் பார்த்துக்கினு உட்கார்ந்திருப்பாளா என்பதையும் எழுதவும். முப்பது வருஷம் ஒரே கூரையில் இருந்துவிட்டு இதை உங்களிடம் கேட்பது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டேன். "ஏன் கொன்ன?"

"எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்க. பாதியில வுட்டா அவ அங்கயே அந்தரத்துல நிப்பா. கண்ணு இருக்கும்போதே முடிச்சு அனுப்பிட்டேன்."

அரிசியில் கல் கிடக்கிறது என்று ஆறு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தவன் நான். அவள் கண்ணை ஒருநாள் பார்க்கவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். புரைதானாம், பயம் இல்லை, வருகிற புதன்கிழமை ஆபரேஷன். நான் எழுதுகிறேன், நீ சொல்லு, செந்தாமரையைப் பிழைக்க வை என்று கெஞ்சிப் பார்த்தேன். "செத்தவ செத்தவதாங்க" என்று முடித்துவிட்டாள். நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆகவே அந்த அத்தியாயம் முடிந்தது. இந்த விஷயம் முத்தாண்டிக்குப்பத்துச் செந்தாமரைக்கு மட்டும் தெரியவே கூடாது. தன் பெயரில் ஒருத்தியை எரித்தார்கள் என்று கேட்டால் எந்தப் பெண் பொறுப்பாள்? தாங்களும் அலைய வேண்டாம், ஆபரேஷன் முடிந்து நாங்களே வருகிறோம். பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, தங்களிடம் என் மன்னிப்புக் கோரிக்கை.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை
சிங்காரவேலு

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் செந்தாமரையே காலை பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். கலியம்மாள் அனுப்பியது அங்கே வரை போயிருக்கிறது. மாலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஏங்க்கா, ஒரு கதவைப் புடிச்சிக்கினு சாவற அளவுக்கு நான் கூறு கெட்டவளா? இன்னொரு வழி இருக்குமான்னு பாக்க மாட்டனா?" என்று காந்திமதியோடு இரண்டு மணி நேரமாகச் சண்டை. கடைசியில் காந்திமதி, "அப்ப நீயே வழி சொல்லுடி" என்றுவிட்டாள். ஆகவே மேலே செத்ததாக எழுதியவற்றை அடித்துவிட்டுப் படிக்கவும். தாங்களும் இன்றே புறப்பட்டு வரவும். முப்பத்துமூன்றாவது நோட்டு வாங்கியாயிற்று, பேனா என் கையில். சுரங்கத்தில் தீப்பிடித்தால் காற்று எந்தப் பக்கம் இழுக்கும், ஆள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று உள்ளேயிருந்து இருவரும் கேட்கிறார்கள். இந்த வீட்டில் முதல்முறையாக எனக்குத் தெரிந்ததைக் கேட்கிறார்கள், மச்சான். போகிறேன்.