பூவாத்தாள் மாமரம் கக்கிய ரத்தம்

சங்ககிரிக்குக் கிழக்கே, பூவாத்தாள் தோட்டத்து மாமரம் நாளொன்றுக்கு மூன்று குடம் ரத்தம் கக்கியது. நான்காவது குடத்தை நான் பார்க்கவில்லை, பொய் சொல்லமாட்டேன்.

காட்டுச் சப்பாத்திக்கள்ளியெல்லாம் வெள்ளைப் பூச்சி விழுந்து செத்துக்கொண்டிருந்த வருஷம் அது. மாமரத்தின் இலைகளும் கறுத்தன. கிளையெங்கும் சொறி பிடித்தாற்போல் செதில்கள். இலையிலிருந்து பிசுபிசுவென்று ஏதோ சொட்டியது. மரம் அழுகிறது என்றார்கள். மரம் அழுதால் சாமியார் சும்மா இருப்பாரா? மருதாசலச் சாமியார் வந்தார். பின்னாலேயே ஏழு கிராமம் வந்தது. சொட்டியதைத் தீர்த்தமென்று நாக்கில் வைத்துக்கொண்டது.

சாமியார் ஒரு துணியால் அடிமரத்தைத் தேய்ப்பார். உள்ளங்கையை விரிப்பார். செக்கச்செவேலென்று ரத்தம்!

ஐந்தாம் நாள் தீர்ப்பு வந்தது.

“பூவாத்தா, உன்ற மருமவ கண்ணு பட்டுத்தான் மரம் அழுவுது. கெடா வெட்டோணும். பொழுது சாயறதுக்குள்ள அவ பொறந்த ஊட்டுக்குப் போயரோணும். திரும்பி வரப்படாது.”

கிடாயின் கண் யார்மேலும் படவில்லை. முதலில் வெட்டுப்பட்டது அதுதான். மருமகள் பாவாயி, கல்யாணமாகி எட்டு மாதம், துணி மூட்டையோடு வாசலில் நின்றாள். புருஷன் ராசு சாமியாருக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

நெசவாளிகளுக்குச் சாயம் விற்கும் சேலத்து ரஹமத்துல்லா அந்த வழியாக வந்தவர், சைக்கிளை நிறுத்தினார்.

“ஏனுங்க சாமி, இது மரத்தோட ரத்தமுங்களா?”

“சந்தேகமா பாய்?”

“சந்தேகமில்லீங்க, தொழில் புத்தி. செவப்பக் கண்டா கை சும்மா இருக்காது.”

யாரோ ஒருவரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்தார். கிடாயின் ரத்தத்தில் குழைத்தார். அழுக்குப் பழுப்பு. சாமியாரின் உள்ளங்கையில் தடவினார். கத்தரிப்பூ நிறம்!

“ரத்தம் இப்பிடி மாறாதுங்க. இது கள்ளிப்பூச்சிச் சாயம்.”

சாமியாரின் துணியை உதறினார். மடிப்பிலிருந்து வெள்ளைப் பூச்சிகள் உதிர்ந்தன. வேலிக் கள்ளியிலிருந்தும் ஒன்றைக் கிள்ளி நசுக்கினார். அதே சிவப்பு, சுண்ணாம்பு பட்டதும் அதே கத்தரிப்பூ.

“வேலிக் கள்ளி சாவறதுக்கும் இந்தப் பொண்ணு கண்ணுதான் பட்டுச்சுங்களா? அப்பிடீன்னா ஜில்லா பூராவும் நடந்து நடந்தே கால் தேஞ்சிருக்கோணுமே!”

சாமியார் மறைந்தார். மாயமாக அல்ல, சோளக்காட்டு வழியாக. மேட்டூரில்தான் மூச்சு விட்டாராம்.

ரஹமத்துல்லா மரத்துச் செதில் ஒன்றை நகத்தால் நெம்பினார். அடியில் வேறொரு பூச்சி. மரத்தின் சாற்றை உறிஞ்சுவது அது; சொட்டியது அதன் கழிவு. ஏழு கிராமமும் ஒரே சமயத்தில் காறித் துப்பியது.

“சவுக்காரத்தக் கரைச்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய் கலக்கித் தேங்கா நாருல தேயுங்க, போயிரும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள், பூவாத்தாளைத் தவிர.

“சவுக்காரத்துக்குச் சாபம் போவுமாக்கும்? மொதல்ல மரம் தளிர் உடட்டும். அதுவரைக்கும் அவ அப்பன் ஊட்லயே கெடக்கட்டும்.”

பாவாயி போனாள். விசிறி பிடித்த கை நாரைப் பிடித்தது. ராசு கிளை கிளையாகத் தேய்த்தான்.

ஒரு பூச்சியை நசுக்கிப் பார்க்க ஒரு விரல் போதும். ஏழு கிராமத்தில் எத்தனை விரல்கள் இருந்தன என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

நாற்பதாம் நாள் மரம் செந்தளிர் விட்டது. பூவாத்தாள் மூன்று முறை சுற்றிவந்தாள். பட்டையில் நகம் வைத்துச் செதிலைத் தேடினாள். கிடைக்கவில்லை.

“பூச்சிதான்டா ராசு. அந்த பாய் சொன்னது நெசந்தான். வண்டியப் பூட்டு, நானே வந்து அவளக் கூப்பிடறேன்.”