ஏழும் வெள்ளை

மூன்றாவது குஞ்சுக்கும் பழுப்பு இறகு முளைத்ததைப் பார்த்ததும் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்கப்பாவோட கோழி சுத்த வெள்ளைதானே?" என்று மனைவியிடம் கேட்டார், பதில் தெரிந்தும்.

"கழுத்துல இருந்து வால் வரைக்கும். வேற நிறத்துல ஒரு இறகு இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவார்."

பத்து வருஷமாக இவரை நம்பி ஒரு குடையைக்கூடக் கொடுக்காத மாமனார், மாமியாரிடம் ஏழு முட்டை கொடுத்தனுப்பி, "பொரிக்க வெச்சு வளர்த்துக் காட்டுங்க, பண்ணையையே உங்ககிட்ட விடறேன்" என்றிருந்தார்.

மாப்பிள்ளை அவற்றைக் குஞ்சு பொரிக்கும் பெட்டியில் வைத்தார். கேமரா பேட்டரிக்கு சார்ஜ் போட நாலாம் நாள் அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். திரும்ப மாட்ட ஞாபகம் வந்தது இரண்டு நாள் கழித்து. இருபத்தோரு நாளாகியும் ஒரு முட்டையும் அசையவில்லை. எல்லாவற்றையும் கொல்லையில் புதைத்துவிட்டு, சந்தையில் ஏழு மஞ்சள் குஞ்சுகளை வாங்கி வந்தார்.

இப்போது பழுப்பு மூன்றையும் சந்தைக் கோழிக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோனார்.

"குஞ்சுல எல்லாமே மஞ்சள்தான் சார். இறகு வந்தாத்தான் ரகம் தெரியும்" என்று வேறு மூன்றைக் கொடுத்தார் அவர். அவை இரண்டே வாரத்தில் கறுப்புப் புள்ளி போட்டன. பழைய நாலும் இதற்குள் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தன.

மாமனார் போட்டோ கேட்டார். தொழில் தெரிந்தவர் ஆயிற்றே, மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் ஏழு குஞ்சையும் வெள்ளையாக்கி அனுப்பினார்.

பத்தே நிமிஷத்தில் போன் வந்தது.

"மாப்ளே, நாற்பது வருஷத்துல இப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததே இல்ல. நாளைக்குக் காலையில அங்க இருப்போம். அத்தையும் வர்றா."

மாப்பிள்ளை போனை வைத்துவிட்டுக் கூண்டைப் பார்த்தார்.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

"முகத்துக்குப் போடற பவுடர் எவ்வளவு இருக்கு?"

விடிந்ததும் ஒரு டப்பா முழுக்கக் கொட்டிப் பூசினார். குஞ்சுகள் ஒரே உதறலில் பழைய நிறத்துக்குத் திரும்பின. வாசல் மணி அடித்தபோது அந்த வீட்டில் சுத்த வெள்ளையாக நின்றது மாப்பிள்ளை ஒருவர்தான்.

மாமனார் கூண்டைச் சுற்றி வந்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணுகூட என் ரகம் இல்லையே" என்றார்.

பண்ணை போயிற்று, மானமும் போயிற்று என்று மாப்பிள்ளை தலைகுனிந்தார். ஆனால் கூண்டைப் பார்த்து அவரைவிட அதிகமாக வெளிறிப்போயிருந்தது மாமியார்தான். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"அத்தை, உண்மையைச் சொல்லிடறேன்..."

"மெதுவா பேசுங்க. உங்க மாமா வெச்சிருந்த முட்டையை நான் தெரியாம ஆம்லெட் போட்டுட்டேன். அதுக்குப் பதிலா உங்ககிட்ட குடுத்தது கடை முட்டை. ஏதாவது பொரிஞ்சு மாட்டிக்கக் கூடாதுன்னு அதையும் அவிச்சுத்தான் குடுத்தேன். அதுல எப்படி மாப்ளே குஞ்சு வந்துச்சு?"