உன் சிறுநீரகம் உன்னிடமே இருக்கட்டும், அக்கா

விஸ்கான்சின்,
ஏப்ரல் 19

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய மூத்த சகோதரி வெரேனா அவர்களுக்கு, தம்பி எல்ராய் ஸ்டூசி வணங்கி எழுதுவது. இங்கு நானும் டார்லீனும் நலம். அரிசோனாவில் தாங்களும் தங்கள் முழங்காலும் நலமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

மரியாதை போதும். அக்கா, விமானத்தில் ஏறாதே! என் பெண்டாட்டி போனில் அழுததைக் கேட்டு, உன் சிறுநீரகத்தில் ஒன்றை எனக்குத் தருவதாகச் சொல்லி வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டாயாம். ரத்து செய். எனக்குக் குணமாகிவிட்டது! மூன்று நாளாக என் சிறுநீரில் புரதம் சுத்தமாக இல்லை!

பிப்ரவரியில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் கண் இமை இரண்டும் உப்பியிருக்கும், மாலையில் கணுக்கால் வீங்கி பூட்ஸ் ஏறாது. சிறுநீரில் நுரையான நுரை. முப்பத்தோரு வருஷம் பால் ஆலைச் சோதனைக்கூடத்தில் இருந்தவன் நான், நுரையைப் பார்த்தா பயப்படுவேன்? கடைசியில் டார்லீன் என்னை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே நர்ஸ், "உங்க சிறுநீர்ல நிறைய புரதம் போகுது" என்றாள். எனக்கோ ஒரே சந்தோஷம். நம் ஊரில் புரதம் கூடின பாலுக்குத்தானே மதிப்பு! "எத்தனை சதவீதம்? மூணுக்கு மேல இருக்கா?" என்று கேட்டேன். டார்லீன் தலையில் அடித்துக்கொண்டாள். "உன்னைக் கறந்து யாருக்கய்யா லாபம்?" என்றாள்.

சிறுநீரக டாக்டரிடம் அனுப்பினார்கள். யார் தெரியுமா? டாக்டர் மார்த்தா பவெல்கா, நம் ஆலைக்குப் பால் ஊற்றிய பண்ணைக்காரர் மில்ட் பவெல்காவின் மகள்! 1991-இல் மாட்டு மருந்து கலந்திருக்கிறது என்று எந்த மில்ட்டின் பாலை நான் திருப்பி அனுப்பினேனோ, அதே மில்ட். "என் மாட்டுக்கு ஊசியே போடலைடா" என்று அவர் தொப்பியைக் கழற்றி என் மேசையில் அடித்தார். நானும் விடவில்லை. சோதனைக் குச்சியை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "குச்சி பொய் சொல்லாது மில்ட்" என்றேன். அத்தனை பாலையும் வயலில் கொட்டினார். அன்றோடு பேச்சு வார்த்தை இல்லை. இப்போது அவர் மகள் கையில் என் மாதிரி! "உங்களை நல்லா ஞாபகம் இருக்கு சார். அப்ப எனக்கு ஒன்பது வயசு" என்று சிரித்தாள். எனக்கு வியர்த்துவிட்டது.

ஆனால் தங்கமான பெண், அக்கா. எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னாள். "சிறுநீரகம்ங்கிறது சீஸ் வடிக்கிற துணி மாதிரி சார். தண்ணி இறங்கணும், கட்டி மேல நிக்கணும். உங்க துணியில கண்ணு பெருசாயிடுச்சு. ரத்தத்துல இருக்க வேண்டிய புரதம் ஒழுகுது. அது குறைஞ்சா ரத்தத்துல தண்ணி நிக்காது, கசிஞ்சு காலுக்கும் முகத்துக்கும் போயிடும். அதான் வீக்கம். இதுக்கு நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம்னு பேரு."

"அப்ப புரதமா அள்ளித் தின்னுடறேன்."

"ஓட்டைப் பாத்திரத்துல எவ்வளவு ஊத்தினாலும் ஒழுகத்தான் செய்யும். புரதம் அளவோட போதும், நிறுத்த வேண்டியது உப்பை."

உப்பை! சீஸ் இல்லை, சாசேஜ் இல்லை, டப்பா சூப் இல்லை, வெள்ளிக்கிழமைப் பொரித்த மீன் இல்லை. இந்த ஊர்க்காரனிடம் உப்பை நிறுத்து என்பதும் மூச்சை நிறுத்து என்பதும் ஒன்றுதான்.

ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரைப் பிடித்து வரப் பெரிய ஜாடி ஒன்று கொடுத்தார்கள். பிடித்தேன். ஆனால் என் கையில் ஒரு மாதிரி இருக்கும்போது அதை அடுத்தவன் சோதிப்பதா? ஒரு குப்பியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு நேரே பழைய ஆலைக்குப் போனேன். என்னோடு வேலை பார்த்த வெர்னன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பால் சோதிக்கும் எந்திரத்தில் ஊற்றிவிட்டேன். எந்திரம் கடகடவென்று சீட்டு அச்சடித்தது: 'நீர் கலந்த பால். ஏற்க வேண்டாம்.' "டேய் எல்ராய், என் சர்வீஸ்ல இவ்வளவு மட்டமான பாலை நான் பாத்ததே இல்லடா" என்றான் வெர்னன். மேலாளர் வந்தார், எந்திரத்தை மூன்று முறை கழுவ வைத்தார், எனக்கு ஆயுசுக்கும் உள்ளே நுழையத் தடை போட்டார். போகும்போது வெர்னன் பரிதாபப்பட்டு, மேசை இழுப்பறையில் கிடந்த சிறுநீர்ச் சோதனைக் குச்சிப் புட்டி ஒன்றைக் கொடுத்தான். பசுக்களுக்காக வாங்கி வைத்தது. ஜாடியை மருத்துவமனையில் கொடுத்தேன். ஒரு நாளைக்கு ஒன்பது கிராம் புரதம் போகிறதாம்!

பிறகு முதுகில் ஊசி போட்டு சிறுநீரகத்தில் துளி சதை எடுத்தார்கள். நாம் சீஸ் உருண்டையில் துளைபோட்டு எடுத்து முகர்ந்துவிட்டு, மேல்துண்டை மூடியாகத் திரும்பச் சொருகுவோமே, அதே வேலை! "முகர்ந்து பாத்துட்டு அந்த மூடியைத் திரும்பச் சொருகிடுவீங்கல்ல?" என்று கேட்டேன். மார்த்தா சிரித்த சிரிப்பில் ஊசியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. நல்ல காலம், மருந்துக்குக் கேட்கிற வகைதானாம். வீக்கத்துக்கு ஒரு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, துணியின் கண்ணை அடைக்க ஸ்டீராய்டு. அந்த ஸ்டீராய்டு இருக்கிறதே அக்கா, ஆகா! பசி என்றால் அப்படி ஒரு பசி. சுறுசுறுப்பு என்றால் அப்படி ஒரு சுறுசுறுப்பு. ஒரே வாரத்தில் கொட்டகை முழுக்கச் சிவப்பு வண்ணம் அடித்தேன், மிச்ச வண்ணத்தைப் பக்கத்து வீட்டு வேலிக்கும் அடித்தேன். அவர்கள் கேட்கவில்லைதான். இந்தக் கடிதத்தையும் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், குச்சியை நனைத்துப் பார்க்க வேண்டும். பச்சையானால் புரதம், மஞ்சளாகவே நின்றால் இல்லை. மருத்துவமனையில் புதுக் குச்சி கொடுத்தார்கள், நான் திறக்கவில்லை. ஒன்று தீராமல் இன்னொன்றைத் திறப்பது நம் வீட்டு வழக்கமா? அதோடு வெர்னன் தந்த புட்டியின்மேல், 'சரிபார்த்தது – எ.ஸ்.' என்று என் கையெழுத்திலேயே சீட்டு ஒட்டியிருக்கிறது. இதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும்? மூன்று நாளும் அப்பட்டமான மஞ்சள்! நாளையிலிருந்து எல்லா மாத்திரையையும் நிறுத்தப் போகிறேன். வெள்ளிக்கிழமை மீன் தின்னப் போகிறேன், உப்போடு!

"டாக்டரைக் கேட்டியா?" என்றாள் டார்லீன்.

"எதுக்குக் கேக்கணும்? குச்சி பொய் சொல்லாது."

கைத்துண்டை வீசிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அவளுக்கு என்ன தெரியும் சோதனையைப் பற்றி?

ஆகவே நீ வராதே. உன் முழங்கால் வலி தீரவும், உன் எலுமிச்சை மரம் காய்க்கவும், சீட்டாட்டத்தில் உன் தோழிகள் உன்னிடம் தோற்கவும் மனமார வேண்டிக்கொள்ளும்,

உன் அன்புத் தம்பி,
எல்ராய்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் டார்லீன் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். முட்டையின் வெள்ளைக்கருவைத் தண்ணீரில் கலக்கி, என் குச்சி ஒன்றை அதில் முக்கியிருந்தாள். முழுக்க முழுக்கப் புரதம், ஆனால் குச்சி மஞ்சள்! என் சீட்டை உரித்துப் பார்த்தோம். அடியில் இருந்த தேதி முடிந்து பதினாலு வருஷம் ஆகிறது. தேதியைப் பார்க்காமலே அதன்மேல் சீட்டு ஒட்டியிருக்கிறேன். புதுக் குச்சியில் பச்சை, புட்டியில் இருந்த அட்டவணைப்படி இரண்டு ப்ளஸ். மார்த்தாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "நாலு ப்ளஸ் இருந்தது ரெண்டாயிருக்கு. மருந்து வேலை செய்யுது சார். இன்னும் சில வாரம் ஆகும். ஆனா ஸ்டீராய்டைத் திடீர்னு நிறுத்தினீங்க, உயிருக்கே ஆபத்து. நான் சொல்லாம ஒரு மாத்திரையைக்கூட விடக்கூடாது" என்றாள். சரி சரி என்றேன். பிறகு, "குச்சி விஷயத்தை அப்பாகிட்ட சொல்லட்டுமா?" என்றாள்.

கெட்ட குச்சி இருப்பதை இல்லை என்றால், இல்லாததை இருக்கிறது என்றும் சொல்லுமே, அக்கா. 1991-இல் மில்ட்டின் பாலைச் சோதித்த புட்டியிலும் சீட்டு ஒட்டினவன் நான்தான். அதற்கு அடியில் என்ன தேதி இருந்ததோ, யார் கண்டது? நானே வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. டிக்கெட்டை ரத்து செய்யாதே. சிறுநீரகம் தேவையில்லையாம். நீ மட்டும் வா.